வெண்பனியும் வண்டிச் சக்கரமும்

மோட்டார் வண்டி ஓடுவதற்கு இயந்திரம் மட்டும் போதாது. தரையும் ஒத்துழைக்க வேண்டும். இயந்திரம் எத்துணை வலிமை உடையதாயினும், சக்கரத்தின் அடியிலுள்ள தரை அதைப் பற்றிக்கொண்டாலன்றி வண்டி ஓர் அங்குலமும் நகராது. நம் நாட்டுத் தார்ச்சாலைகளில் தரையின் பிடிப்பு வேண்டிய அளவுக்கு மேலேயே கிடைப்பதால் இவ்வுண்மையை நாம் நினைப்பதில்லை. குளிர்காலம் முழுவதும் வெண்பனி மூடிக்கிடக்கும் பின்லாந்து, சுவீடன், வட ஜப்பான் போன்ற இடங்களில் அதை மறந்து ஒரு நாளும் வண்டி ஓட்ட இயலாது. அங்கே வண்டி வாங்குவோர் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, இயந்திரத்தின் விசை எந்தச் சக்கரங்களுக்குச் செல்கிறது என்பது. முன்சக்கரங்களுக்கா, பின்சக்கரங்களுக்கா, அல்லது நான்கிற்குமா?

இவற்றுள் வெண்பனிக்கு ஏற்றது எது, ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இது நமக்கெதற்கு என்று கேட்பவர்க்கு ஒரு விடை உண்டு. இன்று நம் பிள்ளைகள் குளிர் நாடுகளுக்குப் படிக்கவும் பணிபுரியவும் செல்கின்றனர். ஆண்டிறுதி விடுமுறையில் குடும்பத்தோடு ஹொக்கைடோத் தீவுக்குச் சென்று, வாடகை வண்டியைத் தாமே ஓட்டுவோரும் உளர். நான்கு சக்கரங்களும் இயங்கும் வண்டியை எடுத்துக்கொண்டால் அச்சமில்லை என்று அவர்களுள் பலர் நம்புகின்றனர். அந்த நம்பிக்கையில் பாதி மெய். மற்றப் பாதி உயிருக்கு உலை வைக்கக்கூடியது.

முதலில் சொல்லைப் பற்றிச் சிறிது கூறவேண்டும். 'பனி' நம் மொழியில் பழமையான சொல். முன்பனி, பின்பனி என்று ஆண்டின் இரு பருவங்களுக்கே அதைக்கொண்டு பெயர் வைத்தனர் நம் முன்னோர். ஆயினும் புல்நுனியில் அரும்பும் நீர்த்துளியையும் விடியலில் கண்ணை மறைக்கும் மூட்டத்தையுமே அச்சொல் பெரிதும் குறித்து வந்தது. ஆகவே மேகத்திலிருந்து பஞ்சுபோல் உதிர்ந்து தரையில் படிவதை இக்கட்டுரையில் 'வெண்பனி' என்றும், நீர் உறைந்து கண்ணாடிபோல் கெட்டியாகிக் கிடப்பதைப் 'பனிக்கட்டி' என்றும் குறிக்கிறேன். வண்டியோட்டிக்கு இவ்விரண்டும் இருவேறு தரைகள் என்பது பின்னால் விளங்கும்.

வரவு ஒன்று, செலவு மூன்று

ஒரு பொருளின் எடையில் எத்தனை பங்கு அளவுக்குத் தரை அதைப் பற்றிக்கொள்கிறது என்பதை உராய்வு எண் என்பர். காய்ந்த தார்ச்சாலையில் இது ஏறத்தாழ 0.8. மழையில் நனைந்த சாலையில் ஏறத்தாழ 0.5. இறுகிய வெண்பனியில் 0.2 அல்லது 0.3. பனிக்கட்டியில் 0.1 அளவுக்கு இறங்கிவிடும். வெப்பநிலை உறைநிலையை ஒட்டி நிற்கையில் பனிக்கட்டியின்மேல் மெல்லிய நீர்ப்படலம் ஒன்று உண்டாகும். அப்போது அது இன்னும் வழுக்கும். கடுங்குளிரில் அப்படலம் குறைவதால் பிடிப்புச் சற்றுக் கூடும். ஆதலால், குளிர் மிக மிக ஆபத்தும் மிகும் என்று நாம் எண்ணுவது எப்போதும் பொருந்தாது. சுழியத்தை ஒட்டிய நாளே ஓட்டுநருக்குக் கொடிய நாள்.

கணக்கு எளிதாகும்பொருட்டு 1,000 கிலோ எடையுள்ள வண்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். காய்ந்த சாலையில் அதற்குத் தரை தரும் பிடிப்பு 800 கிலோ எடைக்குச் சமமான விசை. உராய்வு எண் 0.2 ஆகவுள்ள வெண்பனியில் அது 200 ஆகிவிடுகிறது. வண்டியின் வரவு இவ்வளவுதான். இந்த ஒரே வரவிலிருந்துதான் வண்டி மூன்று செலவுகளைச் செய்தாக வேண்டும்: முன்னே செல்ல, நிற்க, திரும்ப. ஒன்றுக்கு மிகுதியாகச் செலவிட்டால் மற்றொன்றுக்குக் கிட்டாது.

இச்செலவுக்குப் பிதாகரஸ் தேற்றமே கணக்குப்பிள்ளை. 200 அளவுள்ள வரவில் 160ஐ நிறுத்துவதற்குச் செலவிட்டால், திரும்புவதற்கு எஞ்சுவது 40 அன்று, 120 ஆகும். 160இன் வர்க்கமும் 120இன் வர்க்கமும் சேர்ந்தால் 200இன் வர்க்கம். 200 முழுவதையும் பிரேக்கில் செலவிட்டால் திரும்ப ஒன்றும் இராது. வளைவின் நடுவில் பிரேக்கை அழுத்தி மிதித்தவனின் வண்டி, அவன் ஸ்டீரிங்கை எவ்வளவு திருப்பினாலும் நேரே சென்று பள்ளத்தில் இறங்குவது இதனால்தான். செங்கோண முக்கோணத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இக்கணக்கை வகுப்பில் கையாண்டு பார்க்கலாம். ஏணியும் சுவரும் கேட்டுக் கேட்டுச் சலித்த மாணவர்களுக்கு இது புதிதாக இருக்கும்.

இன்னொன்றும் இங்கே கவனிக்கத்தக்கது. வரவு வண்டிக்கு மொத்தமாக வருவதில்லை. ஒவ்வொரு சக்கரமும் தன்மேல் எவ்வளவு எடை அமர்கிறதோ அந்த அளவுக்கே பிடிப்பைப் பெறுகிறது. ஆதலால், இழுக்கும் சக்கரத்தின்மேல் எவ்வளவு எடை இருக்கிறது என்பதே இயக்க முறைகளைப் பற்றிய ஆராய்ச்சியின் உயிர்நாடி.

முன்னிருந்து இழுப்பதும் பின்னிருந்து தள்ளுவதும்

இன்று நாம் சாலையில் காணும் சிறு வண்டிகளுள் பெரும்பாலானவை முன்சக்கர இயக்கம் கொண்டவை. இயந்திரமும் கியர்ப்பெட்டியும் முன்சக்கரங்களின் மேலேயே அமர்ந்திருப்பதால், எடையில் நூற்றுக்கு 60 பங்கு அளவு முன்னால் இருக்கும். நம் 1,000 கிலோ வண்டியில் 600 கிலோ முன்சக்கரங்களின்மேல் விழுமானால், வெண்பனியில் அவை இழுக்கக்கூடிய விசை 120.

இயந்திரம் முன்னாலும் இயங்கும் சக்கரங்கள் பின்னாலும் உள்ளது பழைய முறை. விலையுயர்ந்த வண்டிகள் சிலவும் லோரிகளும் இன்றும் இம்முறையில் அமைகின்றன. இவற்றில் பின்சக்கரங்களின்மேல் பாதி எடை இருந்தால் நன்று. ஓட்டுநர் மட்டும் அமர்ந்திருக்கும்போது அதனினும் குறையும். பாதி என்றே கொண்டாலும் இழுவிசை 100தான். சரக்கில்லாத லோரி வெண்பனியில் தவிப்பதற்கும், குளிர் நாடுகளில் சிலர் வண்டியின் பின்பெட்டியில் மணல் மூட்டை ஏற்றிக்கொள்வதற்கும் காரணம் இதுவே.

இயந்திரத்தையும் இயங்கும் சக்கரங்களையும் ஒருசேரப் பின்னால் வைத்தால் என்ன? ஜெர்மானிய வோக்ஸ்வேகன் 'வண்டு' அவ்வாறு அமைந்தது. பாதிக்கு மேற்பட்ட எடை இழுக்கும் சக்கரங்களின்மேல் இருந்ததால் அது வெண்பனி மேடுகளில் துணிந்து ஏறியது. இயந்திரம் காற்றால் குளிர்ந்ததால், உறைந்து வெடிப்பதற்கு அதில் தண்ணீரும் இல்லை. ஆனால் முன்பக்கம் இலேசானது, பின்பக்கம் கனத்தது. வளைவில் பின்சக்கரங்கள் பிடிவிட்டால், கயிற்றின் நுனியில் கட்டிய கல் சுழல்வதுபோல் வால் சுழன்று வந்துவிடும்.

மேட்டில் ஏறும்போது எடை பின்னோக்கிச் சாய்கிறதே, அப்போது முன்சக்கர வண்டி தோற்றுவிடாதா என்று ஒரு நல்ல மாணவன் கேட்கக்கூடும். சாய்வது மெய்தான். ஆனால் வழுக்கும் சாலையில் அது சிறிதே. எடை பெரிதாக இடம் மாறுவதற்கு வண்டி வேகமாகப் பாய வேண்டும், அல்லது மேடு மிகச் செங்குத்தாக இருக்கவேண்டும். வெண்பனியில் பாய்வதற்கே பிடிப்பு இல்லை. நூற்றுக்கு 10 ஏற்றமுள்ள மேட்டில் மாறும் எடை நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே. ஆகவே காய்ந்த சாலையில் பந்தய வண்டிகளுக்குக் குறையாக இருக்கும் முன்சக்கர இயக்கம், வெண்பனியில் அத்துணைக் குறையாவதில்லை.

இழுவிசையைவிட முக்கியமானது, பிடிவிடும்போது என்ன நேர்கிறது என்பது. முன்சக்கர வண்டியில் இழுப்பதும் திருப்புவதும் ஒரே சோடிச் சக்கரங்கள். விசையை மிகுதியாகக் கொடுத்தால் அவை வீணே சுழலும். திரும்பும் ஆற்றலை இழக்கும். வண்டி வளைவைவிட்டு நேரே போகும். காலை மெல்ல எடுத்தால் பெரும்பாலும் பிடிப்பு மீளும். பின்சக்கர வண்டியில் விசை மிகுந்தால் வால் பக்கவாட்டில் விலகும். ஓட்டுநர் உடனே ஸ்டீரிங்கை வால் விலகும் பக்கமாகவே திருப்பி ஈடுகட்ட வேண்டும். பயின்றவனுக்கு அது விளையாட்டு. பயிலாதவனுக்கு வண்டி முழுவட்டம் சுற்றிவிடும். சராசரி மனிதன் அச்சத்தில் செய்வது காலை எடுப்பதுதான். அந்த இயல்புக்கு முன்சக்கர இயக்கம் இடங்கொடுக்கிறது. அதனாலேயே பொதுமக்களுக்கு அது ஏற்றது என்பது என் கருத்து.

பந்தயச் சாலை காட்டிய சான்று

சுவீடன் நாட்டின் சாப் நிறுவனம் விமானம் கட்டிவந்த நிறுவனம். 1949ஆம் ஆண்டு இறுதியில் அது வெளியிட்ட முதல் மோட்டார் வண்டி, இரண்டு சிலிண்டர் மட்டுமே கொண்ட சிறிய முன்சக்கர வண்டி. அதன் வழிவந்த சாப் 96இல் எரிக் கார்ல்சன் என்பார் 1962, 1963 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மான்டி கார்லோ நெடுந்தொலைவுப் பந்தயத்தில் வென்றார். தம்மைவிட வலிமையான இயந்திரங்களை அவர் முறியடித்தது ஆல்ப்ஸ் மலைச் சாலைகளில். வண்டியை அடிக்கடி தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார் என்பதால் 'கூரைமேல் கார்ல்சன்' என்று அவருக்குப் பட்டப்பெயர். அந்நாட்டுக் குழந்தைக் கதையொன்றில் வரும் பாத்திரத்தின் பெயர் அது.

1965ஆம் ஆண்டுப் பந்தயத்தில் கடும் வெண்பனிப் புயல் வீசியது. புறப்பட்ட வண்டிகளுள் மிகச் சிலவே மொனாக்கோவை அடைந்தன. பின்லாந்துக்காரரான டிமோ மாக்கினன் 'மினி' என்னும் முன்சக்கரச் சிறுவண்டியில் முதலாவதாக வந்தார். மூன்றாவதாக வந்ததும் முன்சக்கர வண்டியே. கார்ல்சனின் துணைவியார் பாட் மாஸ் ஓட்டிய சாப் அது. இவ்விருவருக்கும் இடையே இரண்டாம் இடத்தைப் பிடித்தது எது? ஓயிகன் போரிங்கர் ஓட்டிய போர்ஷ 904; இயந்திரம் நடுவிலும் இயங்கும் சக்கரங்கள் பின்னாலும் கொண்ட பந்தய வண்டி. இயக்க முறையே எல்லாவற்றையும் முடிவு செய்துவிடும் என்போர் இந்த இரண்டாம் இடத்தைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும்.

நாற்சக்கர இயக்கம்

ஒரு சக்கரமும் சும்மா இராமல் நான்கும் இழுத்தால் 1,000 கிலோ எடை முழுவதும் இழுவிசைக்குப் பயன்படும். நம் கணக்கில் 120ஆகவும் 100ஆகவும் இருந்த விசை 200ஆகப் பெருகிவிடும். இதில் ஐயமே இல்லை. ஆனால் நான்கு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துக் கொடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு.

வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரம் உட்பக்கச் சக்கரத்தைவிட நெடுந்தொலைவு ஓட வேண்டும். இதற்காக ஒவ்வொரு சோடிச் சக்கரங்களுக்கும் நடுவில் டிபரன்ஷியல் என்னும் பற்சக்கரத் தொகுதி உள்ளது. அது இரண்டு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுகிறது. ஆனால் விசையை இரண்டிற்கும் சமமாகவே பங்கிடுகிறது. இந்தச் சமநீதியே வெண்பனியில் அநீதியாகிவிடுகிறது. ஒரு சக்கரம் பனிக்கட்டியின்மேல் இருந்து ஒன்றுமே இழுக்க முடியாமல் சுழன்றால், நல்ல தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அந்தச் சொற்ப விசையே கிடைக்கும். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இக்காட்சி புதிதன்று. மழைக்காலச் செம்மண் பாதையில் லோரியின் ஒரு சக்கரம் சேற்றை வாரி இறைத்துச் சுழல, கெட்டித் தரையில் உள்ள மறு சக்கரம் அசையாமல் நிற்பதை எத்தனை முறை பார்த்திருக்கிறோம்! நாற்சக்கர வண்டியில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இதே போன்ற மூன்றாவது தொகுதி ஒன்று தடையின்றி வைக்கப்பட்டால், ஒரே ஒரு சக்கரம் வழுக்கினாலும் நான்கும் செயலற்றுவிடும்.

தோட்டங்களில் ஓடிய பழைய லேண்ட் ரோவர் வண்டி இச்சிக்கலை வேறு வகையில் தீர்த்தது. 1948இல் இங்கிலாந்தில் பிறந்த அவ்வண்டியின் கியர்க் கம்பிக்கு அருகே மஞ்சள் குமிழ் ஒன்றும் சிவப்புக் குமிழ் ஒன்றும் இருக்கும். மஞ்சளை அழுத்தினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றாகப் பிணைக்கப்படும். சிவப்பு, மெதுவான கியர்களுக்கு உரியது. பிணைந்த அச்சுகள் சேற்றிலும் வெண்பனியிலும் நன்கு இழுக்கும். காய்ந்த சாலையில் அப்படியே ஓட்டினால் திருப்பங்களில் பற்சக்கரங்கள் ஒன்றோடொன்று போராடும். ஆகவே ஓட்டுநர் இடமறிந்து மாற்றிக்கொள்வார்.

சாதாரணக் குடும்ப வண்டிக்கு இம்முறை வந்த வரலாறு சுவையானது. ஜப்பானின் வடகிழக்குப் பகுதியில் மின்வசதி செய்யும் தொஹொக்கு மின்சார நிறுவனத்துக்கு, வெண்பனி மூடிய மலைப்பகுதிகளில் மின்கம்பிகளைப் பார்வையிட வண்டி வேண்டியிருந்தது. ஜீப் போன்ற திறந்த வண்டிகளில் ஊழியர்கள் குளிரில் நடுங்கினர். மூடிய, வெதுவெதுப்பான நாற்சக்கர வண்டி ஒன்று வேண்டுமென்று அவர்கள் கேட்டதன் விளைவாகச் சுபாரு நிறுவனம் சில சோதனை வண்டிகளைக் கட்டி, 1972இல் லியோன் என்னும் வண்டியை நாற்சக்கர இயக்கத்தோடு பொதுமக்களுக்கு விற்கத் தொடங்கியது.

ஐரோப்பாவில் ஔடி நிறுவனத்தின் பொறியாளர் யோர்க் பென்சிங்கர், 1977ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பின்லாந்தில் வண்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். 75 குதிரைத்திறனே கொண்ட இல்டிஸ் என்னும் இராணுவ நாற்சக்கர வண்டி, அதைவிட மிக வலிமையான முன்சக்கர வண்டிகளை வெண்பனியில் பின்தள்ளுவதை அங்கே கண்டார். அதிலிருந்து 1980இல் பிறந்தது குவாட்ரோ. 1984ஆம் ஆண்டு மான்டி கார்லோப் பந்தயத்தில் முதல் மூன்று இடங்களையும் அது அள்ளிக்கொண்டது. எனினும் அதற்கு முந்திய இரண்டு ஆண்டுகளின் முடிவு வேறு. 1982, 1983 ஆகிய ஆண்டுகளில் சாலையில் வெண்பனி குறைவு. இரு முறையும் வால்டர் ரோர்ல் என்னும் ஜெர்மானியர் பின்சக்கர வண்டியிலேயே குவாட்ரோவை வென்றார்.

இறங்கும்போது என்ன?

இனி நாம் தொடக்கத்தில் கூறிய பாதி மெய்க்கு வருவோம். நூற்றுக்கு 15 ஏற்றமுள்ள ஒரு மலைச்சாலை. அதாவது 100 மீட்டர் முன்னேறினால் 15 மீட்டர் உயரும் சாலை. இறுகிய வெண்பனி, உராய்வு எண் 0.2. நம் 1,000 கிலோ வண்டியை அதன்மேல் ஏற்ற 150 கிலோ அளவு விசை வேண்டும். பின்சக்கர வண்டியிடம் 100தான் உண்டு, ஏறாது. முன்சக்கர வண்டியிடம் 120, அதுவும் ஏறாது. நாற்சக்கர வண்டியிடம் 200 இருப்பதால் அது எளிதாக ஏறிப் போய்விடும். ஓட்டுநர் மகிழ்ச்சியோடு மறுபக்கம் இறங்கத் தொடங்குகிறார்.

இப்போது சரிவு வண்டியை 150 விசையோடு கீழே இழுக்கிறது. பிரேக் எல்லா வண்டிகளிலும் நான்கு சக்கரங்களுக்கும் உண்டு. ஆதலால் நாற்சக்கர வண்டிக்கு இதில் தனிச் சலுகை ஏதுமில்லை. அதன் வரவு அதே 200தான். சரிவுக்கு 150 போக, வண்டியை நிறுத்த எஞ்சுவது 50. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால், அதே வெண்பனி படிந்த சமதரையில் 18 மீட்டரில் நின்றுவிடக்கூடிய வண்டி, இச்சரிவில் நிற்க 71 மீட்டர் வேண்டும். 30 என்பது நம் சாலையில் பள்ளி வாயிலைக் கடக்கும் வேகம்! நடுவில் ஒரு வளைவு இருந்தால் நிலைமை இன்னும் மோசம். நிறுத்தவே பற்றாத வரவில் திரும்புவதற்கு என்ன இருக்கும்?

ஏற முடியாத முன்சக்கர வண்டியோ மலையடிவாரத்திலேயே நின்றிருக்கும். அதன் இயலாமை ஓட்டுநருக்கு எச்சரிக்கை. புறப்படும்போது சக்கரம் சற்றே வழுக்கினால், சாலை எத்தகையது என்பதை அவர் உடனே உணர்ந்து வேகத்தைக் குறைக்கிறார். நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியில் அந்த முதல் வழுக்கல் தெரிவதில்லை. காய்ந்த சாலைபோலவே அது கிளம்பிவிடுகிறது. சாலையின் உண்மை நிலை அவருக்குத் தெரியவரும் முதல் நொடி பிரேக்கை மிதிக்கும் நொடியாக இருக்கும். அப்போது வேகம் 50 ஆக இருந்தால், காய்ந்த சாலையில் 12 மீட்டரில் நிற்க வேண்டிய வண்டி வெண்பனியில் 49 மீட்டரும், பனிக்கட்டியில் 98 மீட்டரும் ஓடும். ஓட்டுநர் கண்டு மிதிக்கும்வரை கடந்த தொலைவு இதில் சேரவில்லை.

பொறியாளர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1966இல் இங்கிலாந்தில் வெளிவந்த ஜென்சன் எஃப்.எஃப். என்னும் வண்டி நாற்சக்கர இயக்கத்தோடு, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் பிரேக்கையும் பெற்றிருந்தது. இரண்டையும் ஒருங்கே வைக்க வேண்டுமென்று நினைத்தவரின் மதிநுட்பத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

பால்மரத்தின் பங்கு

வரவைக் கூட்ட வழியே இல்லையா? உண்டு, அது இயந்திரத்தில் இல்லை, டயரில் இருக்கிறது. மேற்கூறிய அதே சரிவில், நல்ல குளிர்கால டயர் உராய்வு எண்ணை 0.2இலிருந்து 0.3க்கு உயர்த்துவதாகக் கொள்வோம். முன்சக்கர வண்டியின் இழுவிசை 120இலிருந்து 180 ஆகிறது. தேவை 150. ஏறாத வண்டி ஏறிவிடுகிறது! இறங்கும்போதோ, நிறுத்துவதற்கு எஞ்சுவது 50 அன்று, 150. எனவே 71 மீட்டர் 24 மீட்டராகச் சுருங்குகிறது. வெண்பனியில் நல்ல டயர் பூட்டிய முன்சக்கர வண்டி, கோடைக்கால டயரோடு வரும் நாற்சக்கர வண்டியைவிட நம்பத்தக்கது என்று குளிர் நாட்டார் கூறுவதன் கணக்கு இதுதான்.

ஔடி நிறுவனம் 1986இல் பின்லாந்தின் கைப்போலா என்னும் ஊரில் பனிச்சறுக்குத் தாவுமேடையின்மேல் நாற்சக்கர வண்டி ஒன்றை ஏறச்செய்து விளம்பரப் படம் எடுத்தது. உலகமே வியந்தது. அவ்வண்டியின் டயர்களில் ஆணிகள் பதிக்கப்பட்டிருந்ததைக் கவனித்தவர்கள் குறைவு.

குளிர்கால டயருக்கென்று தனி வரலாறு உண்டு. 1934இல் பின்லாந்தின் இரப்பர்த் தொழிற்சாலை ஒன்று லோரிகளுக்காக முதல் குளிர்கால டயரை உருவாக்கியது; அத்தொழிற்சாலை வழிவந்ததே இன்றைய நோக்கியன் நிறுவனம். சாதாரண டயரின் இரப்பர், வெப்பம் 7 பாகைக்குக் கீழே இறங்கினால் விறைக்கத் தொடங்கும். விறைத்த இரப்பர் தரையின் மேடுபள்ளங்களில் படியாது. குளிர்கால டயரின் கலவை அக்குளிரிலும் இளகியே இருக்கும்படி செய்யப்படுகிறது. அதன் மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோன்ற நுண்ணிய வெட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவற்றின் விளிம்புகள் வெண்பனியைக் கவ்வும். பள்ளங்களில் அடைபடும் வெண்பனி, தரையிலுள்ள வெண்பனியோடு ஒட்டிக்கொள்ளும். வெண்பனியை மிக நன்றாகப் பற்றுவது வெண்பனியே என்பது, கையில் உருட்டி விளையாடும் குழந்தைகளும் அறிந்த செய்தி.

நம் வாசகர்கள் இங்கே சற்று நிற்கலாம். பால்மரத்திலிருந்து வடியும் பாலில் கிடைக்கும் இயற்கை இரப்பர், சுழியத்துக்குக் கீழே ஏறத்தாழ 70 பாகை குளிரில்தான் கண்ணாடிபோல் கெட்டியாகும். டயர்களில் மிகுதியாகப் பயன்படும் செயற்கை இரப்பர் வகைகள் பல அதற்கு முன்பே விறைத்துவிடும். அதனால் குளிர்கால டயரின் கலவையில் இயற்கை இரப்பரின் பங்கு பொதுவாகக் கூடுதல். விடியுமுன் தலைவிளக்கோடு நிரைக்குச் சென்ற நம் பாட்டன் பாட்டியர், வெண்பனியைக் கண்ணால் கண்டதில்லை. அவர்கள் கத்தி பட்டு வடிந்த பாலோ அந்தச் சாலைகளிலெல்லாம் ஓடியிருக்கிறது. பால்மரத்தை நம் பாடநூல்களில் பொருளாதாரப் பயிராக மட்டும் கற்பித்து நிறுத்திவிடுகிறோம் என்பது என் நெடுநாளைய குறை.

ஆணி பதித்த டயர் பனிக்கட்டியில் சிறந்தது. ஆனால் வெறும் சாலையை அரித்துத் தூசு கிளப்பும். ஜெர்மனி 1975இலேயே அதற்குத் தடை விதித்தது. ஜப்பானில் 1990இல் தடைச் சட்டம் வந்தது. அங்கே அதற்கு மாற்றாக, ஆணியின்றி நுண்துளைகள் நிறைந்த இரப்பரால் பனிக்கட்டியின் மேலுள்ள நீர்ப்படலத்தை உறிஞ்சும் டயர்கள் வளர்ந்தன. சுவீடனில் 1999 முதல் குளிர்காலச் சாலைகளில் குளிர்கால டயர் கட்டாயம். நான்கு சக்கரங்களும் இயங்க வேண்டுமென்று எந்தச் சட்டமும் அங்கே கேட்பதில்லை, டயரைத்தான் கேட்கிறது.

மின்மூளை வந்த பின்

பழைய வேறுபாடுகள் பலவற்றை இப்போது மின்னணுக் கருவிகள் மழுக்கிவிட்டன. வழுக்கிச் சுழலும் சக்கரத்தை மட்டும் பிரேக் தானே பிடித்து, மறு சக்கரத்துக்கு விசை செல்லும்படி செய்கிறது. டிபரன்ஷியலின் சமநீதிக்கு இது மருந்து. 1995 முதல் விற்பனைக்கு வந்த நிலைகாப்புக் கருவி, வால் விலகத் தொடங்கும்போதே ஒரு சக்கரத்தைப் பிடித்து வண்டியை நேராக்குகிறது. பின்சக்கர வண்டியைப் பற்றிய பழைய அச்சம் இதனால் பெரிதும் குறைந்தது. ஆயினும் இவையெல்லாம் இருக்கும் வரவைச் சிக்கனமாகச் செலவிடக் கற்றவை. வரவைக் கூட்ட அறியாதவை. சக்கரம் பூட்டாமல் காக்கும் பிரேக்கிலும் ஒரு விந்தை உண்டு. ஆழமான, இறுகாத வெண்பனியில் பூட்டிக்கொண்ட சக்கரம் தனக்கு முன்னே வெண்பனியைக் குவித்து ஆப்புபோல் தடுக்கும். பூட்டாத சக்கரம் அதைச் செய்யாது. ஆகவே அத்தகைய இடத்தில் நிற்கும் தொலைவு கூடவும் செய்யலாம். வண்டி திரும்பும் ஆற்றலை இழப்பதில்லை என்பதே அதற்கு ஈடு.

மின்சார வண்டிகள் இக்கதையைப் புதிதாக்கியுள்ளன. நோர்வே நாட்டில் 2024இல் விற்ற புதுக் கார்களில் 10க்கு ஏறத்தாழ 9 மின்சாரத்தால் ஓடுபவை. அதுவோ நெடுங்குளிர்கால நாடு. கனத்த மின்கலம் தரைத்தட்டில் பரவிக் கிடப்பதால் எடை இரு அச்சுகளுக்கும் ஏறத்தாழச் சமமாகிறது. முன்னொரு மோட்டாரும் பின்னொரு மோட்டாரும் வைத்தால் இணைக்கும் தண்டும் நடு டிபரன்ஷியலும் இன்றியே நாற்சக்கர இயக்கம் கிடைத்துவிடும். ஆனால் காலை எடுத்தவுடன் மோட்டாரே பிரேக்காக மாறி மின்சாரத்தைத் திரும்ப ஈட்டும் வழக்கம் இவற்றில் உண்டு. பின்சக்கர மின்வண்டி பனிக்கட்டியில் இறங்கும்போது அவ்விழுப்பு வலுவாக இருந்தால் பின்சக்கரங்கள் பிடிவிட நேரும். அதைக் குறைத்து வைத்துக்கொள்ளும் விசைக்குமிழ் எங்கே இருக்கிறது என்பதைப் புறப்படுமுன் கேட்டறிந்துகொள்வது நன்று.

வெளிநாட்டில் வண்டி எடுக்கும் நம்மவர் அலுவலகத்தில் கையொப்பமிடுமுன் வெளியே வந்து டயரின் பக்கச்சுவரைக் குனிந்து பார்க்கலாம். மூன்று சிகரங்கள் கொண்ட மலையும் அதனுள் ஆறு கிளைகள் உள்ள வெண்பனிப் படிகமும் பொறித்திருந்தால், அது வெண்பனியில் சோதிக்கப்பட்ட டயர். நான்கு சக்கரங்களிலும் அக்குறி இருக்கவேண்டும்.